அமிர்தாஞ்சனம் கண்ட நாகேசுவரராவ் பந்துலு

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதப் புகுவோர் இராஜகிரியின் உயரத்தையும், கல்யாண மஹாலின் அழகையும், தேசிங்குராஜனுடைய வீரத்தையும் விரித்துரைத்து அவ்வளவில் நின்றுவிடுவது வழக்கம். பீரங்கியினும் கொடியதாய் இக்கோட்டையில் குடிகொண்டிருந்த வேறொன்றை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அதுவே செஞ்சிச் சுரம். 1750-ஆம் ஆண்டில் புஸ்ஸி என்னும் தளகர்த்தர் கோட்டையைப் பிடித்தது முதல் 1761-இல் ஆங்கிலேயர் வசமாகும் வரையில் பிரெஞ்சுக்காரர் இங்கே பாளயம் வைத்திருந்தனர். ஒரே சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அவர்கள் வைத்ததில்லை. அங்ஙனமிருந்தும் பத்தாண்டுகளில் 1,200 பேரை நோய்க்குப் பலிகொடுத்தனர் என்று ஆர்ம் என்னும் ஆங்கிலச் சரித்திரகாரர் வரைந்து வைத்திருக்கின்றார். கருநாடக நாட்டில் இதனினும் நோயுள்ள இடம் வேறில்லை என்பது அக்காலத்துப் பேச்சு. கொசுவே இத்தகைய சுரத்தைப் பரப்புவது என்பதை ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியர் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-ஆம் ஆண்டில்தான். அதுவரையில் மலைக்காற்றே விஷம் என்றும், சுனைநீரே விஷம் என்றும், தெய்வக்குற்றம் என்றும் அவரவர் மனம்போனபடி சொல்லிக்கொண்டிருந்தனர்.

இத்தகைய ஊரில் வாழ்ந்த நம் முன்னோரின் இல்லங்களில் மருந்துக்கென ஓர் அறுகாற்பெட்டியோ அஞ்சறைப்பெட்டியோ இல்லாமலிருந்ததில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வசம்பு, கடுக்காய், பெருங்காயம் ஆகியவை அதில் அடங்கும். வேலியோரத்தில் நொச்சியும், வாசலில் வேம்பும், கரம்பு நிலத்தில் தும்பையும் நிலவேம்பும் கிடைக்கும். தலைவலி வந்தால் சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவர். நீர்க்கோவைக்கு நொச்சியிலையை வேகவைத்து ஆவி பிடிப்பர். உடம்புக்குத் தேய்க்கப் பயற்றமாவும், தலைக்குச் சிகைக்காயும் அரப்பும் வீட்டிலேயே இடித்துச் சலித்து வைத்திருப்பர். தைத்த உடுப்பென்றால் கலியாணத்துக்கும் தீபாவளிக்கும் தையற்காரன் திண்ணையில் வந்து உட்கார்ந்து தைத்துக் கொடுப்பதேயன்றிக் கடையில் தொங்குவதை எடுத்து மாட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. இவையெல்லாம் பெரும்பாலும் காசு கொடாமலும், கொடுத்தாலும் சல்லிக் கணக்கிலும் முடிந்துபோன காரியங்கள்.

விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி நடுப்பகுதிக்கு வந்தபொழுது இந்நிலை மாறத் தொடங்கிற்று. சென்னப்பட்டணத்து மவுண்டு ரோட்டில் 1863-இல் தோன்றிய ஸ்பென்ஸர் கடை நாளடைவில் மாளிகையாக வளர்ந்தது. டபிள்யூ. ஈ. ஸ்மித் என்னும் மருந்துக் கம்பெனியார் 1897-இல் அதே வீதியில் கோபுரங்களுடன் கூடிய பெருங்கட்டடம் எழுப்பினர். கல்கத்தாவில் பிறந்த வயிட்டவே லெயிட்லா கம்பெனியார் ஆயத்தச் சட்டைகளையும், கோட்டுகளையும், தொப்பிகளையும் விலைச்சீட்டுத் தொங்கவிட்டு விற்றனர். லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கிற்று. பட்டணத்துச் சரக்கு செஞ்சியைப்போன்ற உள்ளூர்களுக்கு எங்ஙனம் எட்டும் என்று கேட்பீர்களாயின், அதற்குத் தபாலாபீசே வழிசெய்தது. பொருளைப் பெற்றுக்கொண்டு தபாற்காரனிடம் பணம் கொடுக்கும் வி.பி. முறை 1877-ஆம் ஆண்டிலும், மணியார்டர் முறை 1880-ஆம் ஆண்டிலும் இந்நாட்டுத் தபால் இலாகாவில் ஏற்பட்டன. திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கிய மூட்டை மாட்டுவண்டியேறிச் செஞ்சிக்கு வரும். பம்பாயிலுள்ள கடைக்காரனைக் கண்ணாற் காணாமலே அவனிடம் சரக்கு வாங்கலாம் என்னும் புதுமை நம்மவர்க்கு அப்பொழுதுதான் உண்டாயிற்று.

அப்படி வந்த மருந்துகளின் யோக்கியதையைச் சிறிது சொல்ல வேண்டும். தாமஸ் ஹாலோவே என்பவர் 1837-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு களிம்பையும் பின்னர் மாத்திரைகளையும் விற்கத் தொடங்கினார். உலகத்து நோய்கள் அனைத்துக்கும் அவையே மருந்தென விளம்பரம் செய்தார். சீன பாஷையிலும் அரபியிலும் நம் தேசத்துப் பாஷைகள் பலவற்றிலும் உபயோகக் குறிப்புகள் அச்சிட்டு அனுப்பினார். பீச்சம் என்பவரின் மாத்திரை அதற்கு இளைத்ததன்று. 1909-இல் பிரிட்டிஷ் வைத்திய சங்கத்தார் இத்தகைய இரகசிய மருந்துகளைப் பரிசோதித்து ஒரு புத்தகம் வெளியிட்டனர். பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், சுக்கு, சோப்பு ஆகிய மூன்றே! ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற பெட்டியிலிருந்த சரக்கின் அசல் விலை ஏறக்குறைய அரைப் பார்த்திங்கே என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். நம் பாட்டிமார் அஞ்சறைப்பெட்டியிலிருந்து கொடுத்த சுக்கே கப்பலேறிச் சென்று மாத்திரையாகித் திரும்பிவந்து நம்மிடமே விலைபேசிற்று என்றால் மிகையாகாது.

இவை பணத்தை மாத்திரம் கொண்டுபோயின. வேறு சில உயிரையும் கொண்டுபோயின. இந்தியச் சேனையில் வைத்தியராயிருந்த காலிஸ் பிரவுன் என்பவர் 1848-ஆம் ஆண்டளவில் வாந்திபேதிக்கென்று கூட்டிய குளோரோடைன் என்னும் திராவகத்தில் அபினிச்சத்தும் கஞ்சாவும் குளோரோபாரமும் சேர்ந்திருந்தன. வெள்ளைக்காரர் வீடுகளில் அது இல்லாத அலமாரி இல்லை. அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளை அமர்த்துவதற்கென்று விற்ற ஒரு பாகில் மார்பியா கலந்திருந்தது. குழந்தை அழாமல் தூங்கிற்று. சில குழந்தைகள் எழுந்திருக்கவேயில்லை. குப்பியின்மேல் உள்ளே இருப்பது இன்னதென்று எழுத வேண்டிய கட்டாயம் அந்நாளில் இல்லை. நம் நாட்டில் மருந்துச் சட்டம் வந்தது 1940-இல். மாயமருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது 1954-இல். இந்த இருட்டுச் சந்தையில் ஒரு குப்பியைக் கொண்டுவந்து வைத்து, நாற்பத்தைந்தாண்டுகள் அதனை நடத்தி, வந்த பொருளை இன்ன வழியிற் செலவிட்டார் என்று ஊரார் அறியும்படி வாழ்ந்த ஒருவரின் சரித்திரத்தையே இம்மாதம் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

காசீநாதுனி நாகேசுவரராவ் கிருஷ்ணா ஜில்லாவிலுள்ள எலகுர்ரு என்னும் கிராமத்தில் 1867-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று பிறந்தார். தந்தையார் புச்சையா, தாயார் சியாமளாம்பாள். மசூலிப்பட்டணத்தில் நோபிள் கலாசாலையில் படித்தார். கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு நடத்திவந்த விவேகவர்த்தனி பத்திரிகையைப் படித்துப் பத்திரிகை என்பது ஜனங்களை எழுப்பும் கருவி என்னும் எண்ணம் மாணவப்பருவத்திலேயே அவருக்கு உண்டாயிற்று. பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்து 1891-இல் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற ஒரு பிராமண வாலிபர் செய்யத்தக்க காரியம் ஒன்றே. தாலூகா கச்சேரியிலோ கலெக்டர் கச்சேரியிலோ ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்வது. அதனை விட்டுக் களிம்பு காய்ச்சி விற்கப்போவது கீழான காரியமென்று உறவினரும் அயலாரும் கருதிய காலம் அது. நம் குலத்தவர்களிடையேயும் இந்த மனப்பான்மை எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை முதியோர் அறிவர். கச்சேரி வேலைக்குச் சிபாரிசு தேடிச் சோர்ந்தோர் எத்தனை பேர்? உள்ளூரிலேயே ஒரு தொழில் தொடங்கினோர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

நாகேசுவரராவ் சென்னையில் சிலகாலம் ஏதோ வியாபாரம் செய்து பார்த்தார். அது நிலைக்கவில்லை. கல்கத்தாவுக்குச் சென்றார். அந்நகரம் அப்பொழுது சுதேசி மருந்துக்கும் வாசனைத் தைலத்துக்கும் பிறப்பிடமாக இருந்தது. ஸி. கே. ஸென் குடும்பத்தாரின் ஜபாகுஸும தைலமும், டாக்டர் பர்மனுடைய டாபர் மருந்துகளும் ஏற்கெனவே கிளம்பியிருந்தன. ரசாயனப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் தம் வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல் என்னும் தொழிற்சாலைக்கு அடியிட்டார். குந்தளீனம் என்னும் கூந்தல் தைலம் விற்ற ஹேமேந்திர மோகன் போஸ் சிறந்த சிறுகதைகளுக்குப் பரிசளித்து, அக்கதைகளையே தம் தைலத்துக்கு விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டார். படித்த ஹிந்துக்கள் தைலமும் மருந்தும் செய்து விற்பது இழிவன்று என்பதைக் கண்ணெதிரே காட்டிய ஊர் கல்கத்தா. அங்கிருந்து பம்பாய் சென்ற நாகேசுவரராவ் ஓர் ஐரோப்பியர் கம்பெனியில் வேலை பார்த்தார். 1893-ஆம் ஆண்டில் அந்நகரத்தில் அமிர்தாஞ்சனம் என்னும் வலிநீக்கும் களிம்பைச் சொந்தமாகத் தொடங்கினார்.

பெயரிலேயே அவருடைய சாதுரியம் விளங்குகின்றது. பில் என்றும் பாம் என்றும் வெள்ளைக்காரர் வைத்த பெயர்களை நம் பெண்டிர் வாயில் நுழைக்கவும் மாட்டார்கள். அமிர்தமும் அஞ்சனமும் எல்லாப் பாஷைக்காரர்க்கும் தெரிந்த சொற்கள். கண்ணுக்கு மை எழுதுவதைப்போல நெற்றிக்குத் தடவும் மை என்று கேட்டவுடன் விளங்கிவிடும். மஞ்சள் நிறமான அக்களிம்பு வீட்டில் போடும் பற்றுக்கு அண்ணன் தம்பி போலவே தோன்றியது.

இத்தகைய களிம்புகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை நம் தாய்மார் தெரிந்துகொள்வது நலம். அவற்றில் முக்கியமானவை புதினா இனத்துச் செடியிலிருந்து எடுக்கும் மென்தால் உப்பு, கற்பூரம், நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் தைலம் ஆகியவை. நீலகிரித் தைலம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியா தேசத்து மரம். 1840-களில்தான் உதகைப் பக்கத்தில் நடப்பட்டது. விண்டர்கிரீன் தைலம் தரும் ஒருவகைச் செடியோ நீலகிரியில் தானாகவே வளர்வது. அதன் சத்து ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. மென்தாலைத் தடவினால் தோல் உண்மையிற் குளிர்வதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனையை அது தட்டி எழுப்ப, மூளை குளிர்ந்ததாக நினைத்துக்கொள்கின்றது; அந்த நினைப்பில் வலியின் வேகம் தணிகின்றது. இந்த நரம்பு வாயிலை 2002-இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். அக்கூட்டத்தில் முதல்வராகிய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்னும் மற்றொருவருடன் 2021-இல் நோபெல் பரிசும் பெற்றார். 1893-இல் இது எவருக்கும் தெரியாது. ஆயினும் தடவியவர்க்குச் சுகம் தெரிந்தது.

ஆகவே இக்களிம்பு நோயின் வேரைக் களைவதன்று. வலியைச் சிறிதுநேரம் மறக்கச் செய்வது. செஞ்சிச் சுரத்துக்கு அது மருந்தாகாது. அக்காலத்தில் அதற்குக் கொய்னாவே வேண்டியிருந்தது. அன்றியும், கற்பூரமும் மென்தாலும் சேர்ந்த எதனையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூக்கிலோ மார்பிலோ தடவலாகாது. குழந்தைக்கு மூச்சு நின்றுவிடக்கூடும். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். கைக்கெட்டும் இடத்தில் குப்பியை வைக்கும் வீட்டார் இதனை ஒருமுறைக்கு இருமுறை படிப்பார்களாக.

நாகேசுவரராவ் சரக்கைப் பரப்பிய விதம் சுவையானது. சங்கீதக் கச்சேரிகளிலும் கூட்டங்களிலும் சபையோருக்கு அமிர்தாஞ்சனத்தை இலவசமாக வழங்கச் செய்தார். பாட்டினால் தலைவலி வந்ததென்று நாம் சொல்லத் துணியோம். வித்வான்களின் சாபத்துக்கு அஞ்சுகின்றோம். பலமணிநேரம் நெரிசலிலும் புழுக்கத்திலும் உட்கார்ந்தவர்க்கு அந்தச் சிறு துளி செய்த உபகாரம் வீடுவரை போய், மறுநாள் கடைக்கும் போயிற்று. பஞ்சாங்கங்களிலும் பத்திரிகைகளிலும் பக்கம் பக்கமாக வீண்புகழ்ச்சி அச்சிடுவோர்க்கு நடுவே இது நேர்மையான விளம்பரம் என்பது நம் கருத்து. தடவிப் பார்த்துப் பயன் தெரிந்தவனே வாங்குகின்றான்; தெரியாதவன் நகர்ந்துபோகின்றான்.

செல்வம் பெருகிற்று. அச்செல்வத்தால் அவர் செய்தவை இனித்தான் வருகின்றன.

1907-ஆம் ஆண்டு டிசம்பரில் சூரத்து நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபை இரு கட்சியாகப் பிளவுண்டு கலவரத்தில் முடிந்தது. அதற்குச் சென்றிருந்த நாகேசுவரராவ், தெலுங்கு பேசும் ஜனங்களுக்கு நாட்டு நடப்பை எடுத்துரைக்கத் தக்கதொரு பத்திரிகை இல்லாத குறையை உணர்ந்தார். 1908 செப்டம்பரில் ஆந்திர பத்திரிகை என்னும் வாரப்பத்திரிகையைப் பம்பாயிலிருந்தே தொடங்கினார். தெலுங்கு நாட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் தெலுங்குப் பத்திரிகை நடத்துவது எளிதன்று. அச்செழுத்தும், அதைக் கோக்கத் தெரிந்த ஆளும், செய்தியும் எல்லாம் வெளியூரிலிருந்து வரவேண்டும்.

அதே 1908-ஆம் ஆண்டில்தான் நம் தமிழ்நாட்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார்கள். 1906-இல் அவர்கள் நிறுவிய சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனி வெள்ளைக்காரக் கப்பற் கம்பெனியோடு நேருக்கு நேர் மோதிற்று, சர்க்கார் அதனைப் பொறுக்கவில்லை, கம்பெனி அழிந்தது, பிள்ளையவர்கள் செக்கிழுத்தார்கள். இருவர் தியாகத்தையும் ஒரே தராசில் வைக்க நாம் வரவில்லை. பிள்ளையவர்கள் பட்ட பாடு வேறு. ஆயினும் தொழிலின் தன்மையைக் கவனிக்க வேண்டும். கப்பலுக்கு இலட்சக்கணக்கில் மூலதனம் வேண்டும். துறைமுகத்தில் அதிகாரிகளின் தயவு வேண்டும். களிம்புக் குப்பிக்கோ அணாக் கணக்கில் விலை. வாங்குவோர் ஊர் ஊராய்ச் சிதறிய இலட்சம் பேர். சர்க்கார் ஒரே அடியில் அதனைக் கவிழ்க்க முடியாது. சிறிய சரக்கு, பலர் கையிலிருந்து வரும் சிறிய காசு, எவருக்கும் கைகட்டி நிற்க வேண்டாத வருமானம்: சுதேசிப் பத்திரிகை ஒன்று நெடுங்காலம் நிலைத்திருக்க இதனினும் உறுதியான அடிப்படை அந்நாளில் அரிது.

1914-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று ஆந்திர பத்திரிகை தினசரியாயிற்று. ஆகஸ்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுவீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடினர். மெய்யான செய்திக்கு ஊரெல்லாம் ஏங்கிய அந்நேரத்தில் தெலுங்கருக்கு ஒரு தினசரி கையில் இருந்தது. காகித விலை ஏறிய யுத்தகாலத்தில் பத்திரிகையைக் களிம்பு தாங்கிற்று என்றே சொல்லவேண்டும்.

1924-இல் பாரதி என்னும் இலக்கிய மாதப்பத்திரிகையை ஆரம்பித்தார். தெலுங்கில் ஆராய்ச்சிக்கும் கவிதைக்கும் கதைக்கும் நெடுங்காலம் அதுவே உறைவிடமாயிற்று. 1926-இல் ஆந்திர கிரந்தமாலை என்னும் நூல் வரிசையைத் தொடங்கிப் பழைய நூல்களையும் புதிய நூல்களையும் ஜனங்கள் வாங்கக்கூடிய விலைக்கு அச்சிட்டார். பஸவபுராணமும் பண்டிதாராத்திய சரித்திரமும் அவற்றுள் அடங்கும். தஞ்சாவூர் ஆந்திர நாயகர் சரித்திரமும் அவ்வரிசையில் வந்தது. செஞ்சிவாசிகளாகிய நமக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு. விஜயநகர ராயர்களின் கீழ்த் தமிழ்நாட்டை மூன்று நாயக வமிசத்தார் ஆண்டனர். அவர்களின் ஆஸ்தானங்கள் செஞ்சி, தஞ்சாவூர், மதுரை. தஞ்சைக்கும் மதுரைக்கும் எழுதப்பட்ட அளவு செஞ்சி நாயகர்க்கு எழுதப்படவில்லை என்பது நம் நெடுநாளைய குறை. கோட்டையை 2025 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபையார் மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தனர். அதனால் வந்துபோவோர் தொகை கூடலாம். நாயகர் காலத்துக் களஞ்சியங்களையும் குளங்களையும் பற்றி நம் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்க மலிவுப் புத்தகம் வேறு காரியம். அதற்கொரு நாகேசுவரராவ் வேண்டும்.

கொமர்ராஜு லட்சுமணராவ் என்னும் பேரறிஞர் தெலுங்கில் கலைக்களஞ்சியம் ஒன்று தொகுக்கத் தொடங்கி, முற்றுப்பெறாமலே 1923-இல் காலமானார். பிறர் தொடங்கி நின்றுபோன அவ்வேலையையும் நாகேசுவரராவ் தம் தலைமேல் எடுத்துக்கொண்டார். தமக்கெனத் தொடங்கும் காரியத்துக்குப் பணம் கொடுப்போர் உண்டு. இறந்துபோன மற்றொருவர் பெயர் நிற்கும் காரியத்துக்குக் கொடுப்போர் சிலரே. ஆந்திர நாட்டில் அக்காலத்தில் கிளர்ந்தெழுந்த நூல்நிலைய இயக்கத்துக்கும் அவர் தாராளமாக உதவினார். நாடிவந்த புலவர்க்கும் மாணவர்க்கும் அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

காங்கிரஸில் அவர் வெறும் நன்கொடையாளராக நின்றுவிடவில்லை. ஆந்திர மாகாணக் காங்கிரஸ் கமிட்டியின் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கதர் இயக்கத்தில் ஈடுபட்டார். மவுண்டு ரோட்டுக் கடைகளில் சீமைத் துணியில் தைத்துத் தொங்கிய ஆயத்த உடுப்புகளை விட்டு, ஊர் நெசவாளன் நெய்ததை உடுத்துங்கள் என்று ஜனங்களுக்குச் சொன்ன இயக்கம் அது. உப்புச் சத்தியாக்கிரக காலத்தில் அறுபது வயதைக் கடந்தவராயிருந்தும் சிறை சென்றார். சிறையிலிருந்தபொழுது பகவத்கீதைக்கு உரை எழுதினார். தேசோத்தாரகர் என்று ஆந்திர ஜனங்களும், விசுவதாதா என்று காந்தியடிகளும் அவரை அழைத்தனர். 1935-இல் ஆந்திர சர்வகலாசாலையார் கௌரவப் பட்டமளித்தனர்.

அவருடைய மயிலாப்பூர் இல்லத்துக்கு ஸ்ரீபாக் என்று பெயர். தெலுங்கருக்குத் தனி மாகாணம் வேண்டுமென்னும் கிளர்ச்சியில், கடற்கரை ஜில்லாக்காரருக்கும் ராயலசீமைக்காரருக்கும் பரஸ்பரம் ஐயம் இருந்தது. கல்வியிலும் செல்வத்திலும் முந்திய கடற்கரைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வர் என்று ராயலசீமையார் அஞ்சினர். 1937 நவம்பர் 16-ஆம் தேதி இருதரத்துத் தலைவர்களும் ஸ்ரீபாக்கில் கூடி, சர்வகலாசாலை, ஆற்றுநீர்ப் பாசனம், தலைநகர், உயர்நீதிமன்றம் முதலியவை பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பின்தங்கிய பக்கத்தாருக்கு முந்தியவர் எழுத்திற் கொடுத்த வாக்கு அது. நம் சங்கக் கூட்டங்களில் பட்டணத்தாரும் கிராமத்தாரும், படித்த குடும்பத்தாரும் உழும் குடும்பத்தாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து மனத்தாங்கலோடு கலைவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். ஆகையால் இச்செய்தியைச் சற்று அழுத்தியே எழுதுகின்றோம்.

மேலே சொன்ன ஹாலோவேயை மறுபடியும் ஒருகணம் நினைக்க வேண்டியிருக்கின்றது. அவரும் தம் பொருளைப் புதைத்து வைக்கவில்லை. பெண்களுக்கென்று பெருங்கலாசாலை ஒன்றும், மனநோயாளருக்கென்று மருத்துவசாலை ஒன்றும் கட்டினார். அக்கலாசாலையை 1886-இல் விக்டோரியா மகாராணியாரே திறந்து வைத்தார். கட்டடம் உயர்ந்தது, தருமமும் உயர்ந்தது. ஆயினும் பயனில்லாத மாத்திரையைச் சர்வரோக நிவாரணி என்று ஏழை விதவையிடம் விற்ற காசு அதில் இல்லையென்று யார் சொல்ல முடியும்? தருமம் செய்துவிட்டால் சம்பாதித்த வழியைக் கேட்க வேண்டாம் என்னும் கொள்கை நம்மிடையிலும் உலவுகின்றது. நன்கொடைப் பட்டியலில் முதலிடம் பெற்றவரின் கடைத் தராசை எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. நாகேசுவரராவிடம் நாம் மதிப்பது, அவருடைய குப்பிக்குள் இருந்ததும் ஒரு சிறு உபகாரம், குப்பியால் வந்த காசு சென்றதும் உபகாரத்துக்கே என்பதாம். பிறர் தலைவலியில் இலாபம் காண்பது தகுமோ என்று கேட்பவரும் உளர். வைத்தியனும் செவிலியும் செய்வது அதுவே. வலி தீர்ந்ததா, விலை நியாயமா என்ற இரண்டையும் கேட்டால் போதும்.

1936-இல் அமிர்தாஞ்சனம் பங்குதாரர்களைக் கொண்ட கம்பெனியாயிற்று. 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி நாகேசுவரராவ் பந்துலு காலமானார். எழுபத்தொரு வயது நிறைய இருபது நாட்களே இருந்தன. மருமகன் சிவலெங்க சம்புப்பிரசாத் பத்திரிகைகளையும் தொழிலையும் ஏற்று நடத்தினார். ஆந்திர ராஜ்யம் 1953 அக்டோபர் முதல் தேதி பிறந்தது. ஸ்ரீபாக்கில் பேசிய பேச்சின் வழியே அதன் தலைநகர் ராயலசீமையிலுள்ள கர்நூலுக்குச் சென்றது. உயர்நீதிமன்றம் பிற்பாடு குண்டூரில் அமைந்தது. அந்த ராஜ்யத்துக்காக முந்திய ஆண்டு டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டதும் மயிலாப்பூரிலேயே.

லஸ் பக்கத்தில் நாகேசுவரராவ் பெயரால் ஒரு பூங்கா இருக்கின்றது. காலையும் மாலையும் அங்கே உலாவ வருவோர் பலர். பெயருக்குரியவர் தெலுங்கர் என்பதையும் பத்திரிகாசிரியர் என்பதையும் அறிந்தோர் சிலர். ஆந்திர பத்திரிகையும் பாரதியும் பல்லாண்டுகள் நடந்து பின் நின்றுபோயின. அவற்றைத் தாங்குவதற்கென்று இருந்த மஞ்சள் களிம்பு மட்டும் இன்றும் செஞ்சிக் கடைத்தெருவில் கிடைக்கின்றது.